நோவாவையும் வால்வெள்ளியையும் ஒரே இரவில் அளவிடுதல்: முழுமையான வழிகாட்டி

நோவா என்பது வெடிப்பால் திடீரெனப் பொலிந்து பின்னர் மங்கும் விண்மீன். புதிய நோவா ஒன்று பொலிந்துகொண்டிருக்கும் நாட்களில் வால்வெள்ளி ஒன்றும் வானைக் கடந்து சென்றால், இரண்டையும் ஒரே இரவில் பார்த்து, பிறர் பயன்படுத்தக்கூடிய எண்களாகப் பதிவு செய்வதற்கான வரிசை இங்கே தரப்படுகிறது. பைனாகுலரையோ சிறிய தொலைநோக்கியையோ ஓரளவு கையாளத் தெரிந்தவர்களை மனத்தில் கொண்டு இது எழுதப்பட்டுள்ளது. விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நோவா ஒரு புள்ளி. வால்வெள்ளி ஒரு பரப்பு. புள்ளியை அளக்கும் முறையால் பரப்பை அளந்தால் விடை ஒரு மாக்னிட்யூட் அளவுக்குக்கூடத் தவறிப்போகும். (மாக்னிட்யூட் என்பது பொலிவின் அளவுகோல்; எண் கூடினால் பொலிவு குறைவு.) புதியவர்களின் பதிவுகளில் காணும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் வருபவைதான்.

1. பகலிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

வரைபடம், நிலை அட்டவணை, கடிகாரம் ஆகிய மூன்றும் இருட்டுவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். இருட்டிய பிறகு கைபேசியில் தேடத் தொடங்கினால் அதன் திரை வெளிச்சமே கண்ணின் பழக்கத்தைக் கெடுத்துவிடும்.

நோவாவுக்கு ஏ.ஏ.வி.எஸ்.ஓ. எனப்படும் அமெரிக்க மாறுவிண்மீன் நோக்கர் சங்கத்தின் இணையதளத்தில் வரைபடம் உருவாக்கிக்கொள்ளுங்கள். 1911இல் தொடங்கப்பட்ட அந்தச் சங்கத்தின் வரைபடங்களில், ஒளி மாறாதவை என்று சரிபார்க்கப்பட்ட ஒப்பீட்டு விண்மீன்களுக்கு மட்டுமே எண் தரப்பட்டிருக்கும். வான் வரைபடச் செயலிகள் காட்டும் எண்களைப் பயன்படுத்த வேண்டாம். அவை பல பட்டியல்களிலிருந்து எடுத்துத் தொகுக்கப்பட்டவை, சிலவேளைகளில் மாறுவிண்மீனுக்குக்கூட நிலையான எண்ணையே காட்டுபவை. ஏ.ஏ.வி.எஸ்.ஓ. வரைபடத்தில் 65 என்றிருந்தால் அது 6.5 மாக்னிட்யூட். தசமப் புள்ளியை விண்மீன் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது என்பதற்காகவே அது விடப்பட்டிருக்கிறது.

அகன்ற பரப்பைக் காட்டும் படம் ஒன்றும் நெருக்கமான படம் ஒன்றும் அச்சிட்டுக்கொள்ளுங்கள். பைனாகுலரில் வானம் நேராகத் தெரியும். நியூட்டன் வகைத் தொலைநோக்கியில் தலைகீழாகத் தெரியும். மூலைக் கண்ணாடி பொருத்திய தொலைநோக்கியில் இடவலம் மாறித் தெரியும். எதில் பார்க்கப்போகிறீர்களோ அதற்கேற்பப் படத்தைத் திருப்பி அச்சிடாவிட்டால், நோவாவைத் தேடுவதைக் காட்டிலும் படத்தைத் திருப்பிப் பார்ப்பதிலேயே இரவு கழியும்.

வால்வெள்ளிக்கு நிலை அட்டவணை தேவை. நாசாவின் ஜே.பி.எல். ஆய்வகம் நடத்தும் ஹொரைசன்ஸ் சேவையிலோ சிறுகோள் மையத்தின் இணையதளத்திலோ உங்கள் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்து, அன்றைய இரவுக்கு மணிக்கு ஒரு நிலையாக எடுத்துக்கொள்ளுங்கள். கணினியில் ஏற்கெனவே நிறுவியுள்ள மென்பொருளை நம்புவதாயின் அதன் சுற்றுப்பாதைத் தரவை முதலில் புதுப்பிக்க வேண்டும். பழைய தரவு சில மாதங்களில் வால்வெள்ளியைப் பார்வைப் புலத்துக்கு வெளியே கொண்டுபோய்க் காட்டக்கூடும்.

இவை தவிர 7×50 அல்லது 10×50 பைனாகுலர், அதைப் பொருத்த ஒரு முக்காலி, மங்கிய சிவப்பு விளக்கு, பென்சில், கட்டியான குறிப்பேடு ஆகியவை போதும். முக்காலியைத் தேவையில்லாத சுமையாக நினைத்து விட்டுவிடுவோர் பலர். கை நடுங்கும்போது புள்ளிகள் கோடுகளாகின்றன; கோடுகளின் பொலிவை ஒப்பிட முடியாது.

2. எதை முதலில் பார்ப்பது

இரவின் வரிசையை வால்வெள்ளிதான் முடிவு செய்கிறது. நோவா பெரும்பாலும் பல மணி நேரம் வானில் இருக்கும். வால்வெள்ளி பொலிவாக இருக்கும் காலமோ அது சூரியனுக்கு அருகில் இருக்கும் காலம். ஆகவே அந்திக்குப் பின்போ விடியலுக்கு முன்போ கிடைக்கும் குறுகிய இடைவெளியில்தான் அது அகப்படும். 2024 அக்டோபர் இரண்டாம் வாரத்தில் மாலை வானுக்கு வந்த சி/2023 ஏ3 சூசின்ஷான்–அட்லஸ் முதலில் அடிவானத்தை ஒட்டியே நின்றது. ஒவ்வொரு மாலையும் அது மேலேறியபோதுதான் அதைப் பார்ப்பதற்கான நேரமும் நீண்டது.

மாலை வால்வெள்ளியாயின் அதை முதலில் முடித்துவிட்டு நோவாவுக்குச் செல்லுங்கள். விடியற்கால வால்வெள்ளியாயின் நோவாவை முன்னிரவிலேயே முடித்துவிடலாம். இந்த வரிசையை மாற்றினால், நோவாவின் எண்ணைச் செம்மைப்படுத்திக்கொண்டிருக்கும்போதே வால்வெள்ளி மறைந்துவிடும்.

சூரியன் முழுவதும் மறையும் வரை அந்தத் திசையில் பைனாகுலரைத் திருப்பவே கூடாது. விடியலில், சூரியன் எழும் நேரத்துக்குப் போதிய முன்பாகவே நிறுத்திவிட வேண்டும். ஒரு நொடி தவறினாலும் பார்வை போய்விடும் என்பதால் இதற்கு விதிவிலக்கே கிடையாது.

அடிவானத்துக்கு அருகே காற்றின் தடிமனையும் கணக்கில் கொள்ள வேண்டும். தலைக்கு நேர் மேலே உள்ள காற்றுப் படலத்தை 1 என்று வைத்தால், 30° உயரத்தில் அது 2. 20° உயரத்தில் ஏறக்குறைய 2.9, 10° உயரத்தில் ஏறக்குறைய 5.6. தெளிந்த வானத்திலேயே ஒவ்வோர் அலகும் கால் மாக்னிட்யூட் அளவு ஒளியை விழுங்கக்கூடும். 10° உயரத்தில் உள்ள வால்வெள்ளியை 20° உயரத்தில் உள்ள விண்மீனோடு ஒப்பிட்டால் மதிப்பீடு 0.6 அல்லது 0.7 மங்கலாகிவிடும். ஒப்பீட்டு விண்மீனையும் வால்வெள்ளியின் உயரத்திலேயே தேர்ந்துகொள்வது இதற்கு எளிய தீர்வு.

3. கண்ணை இருளுக்குப் பழக்குதல்

இருபது முதல் முப்பது நிமிடம் வெளிச்சம் படாமல் இருந்தால்தான் கண் முழுத்திறன் பெறும். அந்தி வெளிச்சத்தில் வால்வெள்ளியைப் பார்க்கும்போது இது முழுவதும் கைகூடாது. அதைக் குறிப்பில் எழுதிவிட்டால் போதும். நிலவு இருந்தாலும் எழுதுங்கள்.

4. நோவாவின் புலத்தை அடையாளம் காணுதல்

வெறுங்கண்ணுக்குத் தெரியும் விண்மீன் ஒன்றில் தொடங்கி, வரைபடத்தைப் பார்த்தவாறே அடுத்தடுத்த விண்மீன்களைத் தாண்டி நோவாவின் இடத்தை அடையுங்கள். வந்து சேர்ந்தவுடன் மதிப்பிடத் தொடங்காமல், நோவாவைச் சுற்றியுள்ள நான்கைந்து மங்கலான விண்மீன்கள் படத்தில் உள்ள அதே வடிவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். நோவாக்கள் பெரும்பாலும் பால்வெளிப் பட்டையில், விண்மீன்கள் மொய்த்திருக்கும் இடத்தில் தோன்றுகின்றன. பக்கத்து விண்மீனையே நோவா என்று எடுத்துக்கொண்டு, வாரக்கணக்கில் மாறாத எண்ணை அனுப்பிக்கொண்டிருப்பவர்களைக் காண முடியும்.

மீண்டும் வெடிக்கும் நோவாக்களின் புலத்தை முன்கூட்டியே பழகிக்கொள்வது நல்லது. 1866லும் 1946லும் வெடித்த டி கொரோனா போரியாலிஸ், அமைதிக் காலத்தில் 10ஆம் மாக்னிட்யூட்டை ஒட்டி நிற்கிறது. உச்சத்தில் 2ஐ நெருங்குகிறது. அங்கே வெறுமையாக இருக்கும் இடம் எது என்று அறிந்து வைத்திருப்பவருக்கே புதிதாக ஒன்று தோன்றியிருப்பது உடனே தெரியும்.

5. நோவாவின் பொலிவை மதிப்பிடுதல்

நோவாவைவிடச் சற்றுப் பொலிவான ஒப்பீட்டு விண்மீன் ஒன்றையும் சற்று மங்கலான ஒன்றையும் தேர்ந்தெடுங்கள். இரண்டுக்கும் இடையே அரை மாக்னிட்யூட்டுக்கு மிக அதிகமான வேறுபாடு இல்லாதிருந்தால் நல்லது. இடைவெளி பெருகப் பெருகக் கண்ணின் பிழையும் பெருகும்.

எடுத்துக்காட்டாக, ஒரு விண்மீன் 6.2, மற்றொன்று 6.8 என்று வைத்துக்கொள்வோம். நோவா 6.2க்கு நெருக்கமாக, ஆனால் அதைவிட மங்கலாகத் தெரிகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மூன்று பங்காக்கினால், நோவா பொலிவான விண்மீனிலிருந்து ஒரு பங்கு தள்ளியும் மங்கலான விண்மீனிலிருந்து இரண்டு பங்கு தள்ளியும் நிற்கிறது. 0.6இல் மூன்றில் ஒன்று 0.2. ஆகவே நோவாவின் மதிப்பு 6.4. கண்ணால் செய்யும் மதிப்பீட்டை ஒரு தசம இடத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், 6.43 என்று எழுதுவதில் பொருளில்லை.

ஒப்பிடும்போது ஒவ்வொரு விண்மீனையும் பார்வைப் புலத்தின் நடுவுக்குக் கொண்டுவந்து பாருங்கள், ஏனெனில் ஓரத்தில் ஒளி குறையும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதாயின், அவற்றை இணைக்கும் கோடு இரு கண்களையும் இணைக்கும் கோட்டுக்கு இணையாக இருக்கும்படி தலையைச் சாய்த்துக்கொள்ளுங்கள். ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கும் விண்மீன்களில் ஒன்று உள்ளதைவிடப் பொலிவாகத் தோன்றுவது கண்ணின் இயல்பு.

நிறம்தான் நோவாவில் பெரிய சிக்கல். உச்சத்தைக் கடந்த பிறகு அது ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் கோட்டில் மிகுதியாக ஒளிர்வதால் செந்நிறம் காட்டத் தொடங்கும். சிவந்த விண்மீனை உற்று நோக்கிக்கொண்டே இருந்தால் அது நொடிக்கு நொடி பொலிவு கூடுவதுபோல் தோன்றும். ஆகவே ஓரிரு நொடிப் பார்வையோடு அடுத்ததற்கு மாறிவிட வேண்டும். நிறம் உறுத்தினால், குவியத்தைச் சற்றே விலக்கி எல்லா விண்மீன்களையும் சிறு வட்டங்களாக்கி ஒப்பிடலாம்.

நேற்றைய எண்ணையும் பிறர் அனுப்பிய எண்களையும் மதிப்பீட்டுக்கு முன் பார்க்காதீர்கள். மற்ற அறிவுரைகள் அனைத்தையும்விட நான் வலியுறுத்துவது இதைத்தான். நோவா சீராக மங்கும் என்று எதிர்பார்க்கும் மனம், மங்கியதாகவே பார்க்கும். 2021 மார்ச்சில் காசியோபியாவில் கண்டறியப்பட்ட வி1405 காஸ் வாரக்கணக்கில் பைனாகுலர் எல்லையில் நின்றுவிட்டு, மே மாதத்தில் வெறுங்கண்ணுக்கு எட்டும் அளவுக்குப் பொலிந்தது; பின்னரும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. எதிர்பார்ப்போடு பார்த்தவர்களால் அத்தகைய ஏற்ற இறக்கத்தை நேர்மையாகப் பதிவு செய்திருக்க முடியாது.

நோவா தெரியவே இல்லை என்றாலும் அதுவும் ஒரு பதிவுதான். அந்தப் புலத்தில் உங்களுக்குத் தெரிந்த மிக மங்கலான ஒப்பீட்டு விண்மீனின் எண்ணை எழுதி, நோவா அதைவிட மங்கல் என்று குறியிடுங்கள். வரைபடத்தில் எண்ணுள்ள விண்மீனாக அது இருக்க வேண்டும், ஊகம் கூடாது.

6. வால்வெள்ளியைக் கண்டுபிடித்தல்

அறிவிப்பில் 6ஆம் மாக்னிட்யூட் என்று இருப்பதால் 6ஆம் மாக்னிட்யூட் விண்மீன்போல் தெரியும் என்று எதிர்பார்ப்பவர்கள் அதைக் கடந்து சென்றுவிடுகிறார்கள். அந்த எண் முழு ஒளியையும் ஒரு புள்ளியில் குவித்தால் கிடைப்பது. அதே ஒளி 10 கோண நிமிட (ஒரு பாகை 60 கோண நிமிடம்) விட்டமுள்ள வட்டில் பரவினால், ஒரு சதுரக் கோண நிமிடத்துக்கு ஏறக்குறைய 10.7 மாக்னிட்யூட்தான் எஞ்சும்.

எனவே அட்டவணை காட்டும் இடத்தை நடுவில் வைத்து, பார்வையைச் சற்று ஓரமாகச் செலுத்துங்கள். பைனாகுலரை மெல்ல அசைத்தால் அசையும் மங்கல் திட்டு கண்ணுக்கு எளிதில் பிடிபடும். பிடிபட்டதும் அந்த இடத்தில் விண்மீன் கொத்தோ பேரடையோ (கேலக்ஸி) பட்டியலில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். ஐயமிருந்தால் அருகிலுள்ள விண்மீன்களோடு சேர்த்து வரைந்துவைத்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். வால்வெள்ளியாயின் பெரும்பாலும் நகர்ந்திருக்கும்.

7. வால்வெள்ளியின் முழுப் பொலிவை மதிப்பிடுதல்

குவியத்தில் உள்ள வால்வெள்ளியைக் குவியத்தில் உள்ள விண்மீனோடு நேராக ஒப்பிடக்கூடாது. ஊசிமுனைபோல் நிற்கும் விண்மீனுக்கு அருகே பரந்த திட்டு எப்போதும் தோற்றுப்போகும். எண் மங்கலாகவே வரும். ஆகவே விண்மீனையும் திட்டாக்கிப் பார்க்க வேண்டும். அதற்கு மூன்று முறைகள் புழக்கத்தில் உள்ளன.

சிட்ஜ்விக் முறையில், முதலில் வால்வெள்ளியைத் துல்லியமான குவியத்தில் பார்த்து, கோமா எனப்படும் அதன் ஒளிமூட்டத்தின் பரப்பையும் சராசரிப் பொலிவையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அடுத்து ஒப்பீட்டு விண்மீனுக்குச் சென்று, அது கோமாவின் அளவுக்கு விரியும் வரை குவியத்தை விலக்குங்கள். விரிந்த வட்டின் பொலிவை நினைவிலுள்ள கோமாவோடு ஒப்பிடுங்கள். பிறகு அடுத்த விண்மீன். 5.8 விண்மீனின் வட்டு கோமாவைவிடப் பொலிவாகவும், 6.4 விண்மீனின் வட்டு மங்கலாகவும், கோமா இரண்டாவதற்குச் சற்று நெருக்கமாகவும் தோன்றினால் விடை 6.2. செறிவில்லாத, பரந்த கோமாவுக்கு இது ஏற்றது.

நடுவில் ஓரளவு செறிந்த கோமாவுக்கு மோரிஸ் முறை பொருந்தும். வால்வெள்ளியையே சற்றுக் குவியம் விலக்கி, நடுவின் செறிவு கரைந்து பரப்பு முழுவதும் ஒரே சீராகும் நிலையில் அதன் அளவையும் பொலிவையும் நினைவில் வைக்க வேண்டும். பிறகு விண்மீன்களை அதே அளவுக்கு, அதாவது வால்வெள்ளியைவிட அதிகமாகவே, விலக்கி ஒப்பிட வேண்டும். பாப்ரோவ்னிகாப் முறையில் வால்வெள்ளியும் விண்மீனும் ஒரே அளவு விலக்கப்பட்டு, இரண்டும் ஏறக்குறைய ஒத்த அளவில் தெரியும்போது ஒப்பிடப்படுகின்றன. கோமா சிறியதாகவும் மிகச் செறிந்தும் இருக்கும்போதுதான் இது நன்றாக வேலை செய்யும்.

எந்த முறையானாலும் வால்வெள்ளிக்கும் விண்மீனுக்கும் இடையே பலமுறை சென்று வர வேண்டும். நினைவு சில நொடிகளில் நழுவத் தொடங்கும் என்பதால், ஒரே முறை பார்த்து எழுதிய எண்ணை நம்ப முடியாது.

கருவித் தேர்விலும் ஒரு பொறி உண்டு. பெரிய தொலைநோக்கியிலும் அதிக உருப்பெருக்கத்திலும் கோமாவின் மங்கலான வெளிப்பகுதி வானத்தின் பின்னணியில் கரைந்துவிடுவதால் எண் மங்கலாக வரும். வால்வெள்ளியை வசதியாகக் காட்டும் மிகச் சிறிய கருவியே சரியான கருவி. வெறுங்கண்ணால் முடிந்தால் பைனாகுலரை எடுக்க வேண்டாம். பைனாகுலரால் முடிந்தால் தொலைநோக்கிக்குப் போக வேண்டாம்.

ஒப்பீட்டு விண்மீன்களுக்கு, வால்வெள்ளி அன்று இருக்கும் ஆயத்தொலைவுகளைக் கொடுத்து ஏ.ஏ.வி.எஸ்.ஓ. வரைபடம் எடுக்கலாம், அங்கே போதிய விண்மீன்கள் இல்லாவிட்டால் டைக்கோ-2 விண்மீன் பட்டியல் உதவும். மிகச் சிவந்த விண்மீன்களைத் தவிருங்கள். வால்வெள்ளியின் வாயு ஒளியில் பெரும்பகுதி ஈரணுக் கார்பன் 516 நானோமீட்டரை ஒட்டி உமிழும் பச்சை ஒளி. அதைச் செந்நிற விண்மீனோடு ஒப்பிடுவது இருளில் பழகிய கண்ணுக்குக் கடினம்.

8. கோமா, செறிவு, வால்

பொலிவு எண் மட்டும் தனியே நின்றால் அதன் மதிப்புப் பாதிதான். கோமாவின் விட்டமும் செறிவும் உடன் இருந்தால்தான், இரண்டு நோக்கர்களின் எண்கள் ஏன் வேறுபடுகின்றன என்று பின்னர் ஆராய முடியும்.

விட்டத்தை அருகிலுள்ள இரண்டு விண்மீன்களின் இடைவெளியோடு ஒப்பிட்டு அளக்கலாம். தொலைநோக்கி இருந்தால் அதன் சுழற்சி மோட்டாரை நிறுத்திவிட்டு, கோமாவின் முன்விளிம்பு குறுக்கிழையைத் தொட்டதிலிருந்து பின்விளிம்பு கடக்கும் வரை நொடிகளை எண்ணுங்கள். நொடிகளை நடுவரை விலக்கத்தின் (வான நடுவரையிலிருந்து வால்வெள்ளி விலகி நிற்கும் கோணம்) கோசைனால் பெருக்கி நான்கால் வகுத்தால் கோண நிமிடத்தில் விட்டம் கிடைக்கும். நடுவரை விலக்கம் 30° இருக்கையில் 24 நொடி எடுத்தால் விட்டம் 5.2 கோண நிமிடம். கோசைனை மறப்பவர்கள் வானக் கோளத்தின் துருவத்தை நெருங்கும் வால்வெள்ளிகளை வீங்க வைத்துவிடுகிறார்கள்.

செறிவை 0 முதல் 9 வரையிலான அளவுகோலில் தர வேண்டும். நடுவும் விளிம்பும் ஒரே பொலிவாக இருந்தால் 0. விண்மீன்போல் ஒரே புள்ளியாக இருந்தால் 9.

வால் தெரிந்தால், அதன் நுனியைச் சுற்றியுள்ள விண்மீன்களோடு வரைபடத்தில் குறித்து, நீளத்தை அங்கே அளந்துகொள்ளுங்கள். திசையை வடக்கில் தொடங்கிக் கிழக்கு வழியாகக் கோணமாகக் கணக்கிட வேண்டும். வாயு வால் ஏறக்குறைய சூரியனுக்கு நேர் எதிராக நீளும், தூசி வால் வளையும்; ஆகவே இரண்டு தெரிந்தால் இரண்டுக்கும் தனித்தனி எண் வேண்டும்.

9. கேமரா பயன்படுத்துவோருக்கு

ரா வடிவில் (கேமரா திருத்தாத மூலத் தரவாக) எடுங்கள். ஜேபெக் படத்தில் ஒளி அளவுகள் ஏற்கெனவே திருத்தப்பட்டிருக்கும் என்பதால் அளவீட்டுக்கு அது உதவாது. நோவாவுக்குக் குவியத்தைச் சற்றே விலக்கி, ஒளி பல பிக்சல்களில் பரவும்படி செய்து, பச்சை அலைவரிசையை மட்டும் பிரித்து அளக்க வேண்டும். விண்மீனின் நடுப் பிக்சல் நிரம்பி வழிந்திருந்தால் அந்தப் படத்தை நீக்கிவிடுங்கள், பின்னர் எந்தக் கணக்கும் அதைக் காப்பாற்றாது.

வால்வெள்ளிக்கு ஒளிபடு நேரத்தை அதன் நகர்வே வரையறுக்கிறது. நிமிடத்துக்கு 2 கோண நொடி நகரும் வால்வெள்ளியை, ஒரு பிக்சலுக்கு 2 கோண நொடி காட்டும் அமைப்பில் எடுத்தால், ஒரு நிமிடத்துக்கு மேல் திறந்து வைத்தால் அது இழுபடும். பல குறும்படங்களை எடுத்து, விண்மீன்களின் மீது ஒரு முறையும் வால்வெள்ளியின் மையத்தின் மீது ஒரு முறையும் அடுக்குவதே வழி.

10. பதிவு செய்தலும் அனுப்புதலும்

மதிப்பீடு முடிந்தவுடன், அடுத்த பொருளுக்குப் போகும் முன்பே எழுதிவிடுங்கள். நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்க வேண்டும். உள்ளூர் நேரத்தை அப்படியே எழுதுவதும், மாற்றும்போது தேதியை மாற்ற மறப்பதும் மிக அதிகமாகக் காணப்படும் பிழைகள்.

நோவாவுக்கு ஜூலியன் நாள் எனப்படும் தொடர் நாள் எண்ணிக்கை பயன்படுகிறது. அது நள்ளிரவில் அன்றி உலகப் பொது நேரம் நண்பகலில் மாறும். 2000 ஜனவரி 1 நண்பகல் என்பது 2451545.0. உடன் தர வேண்டியவை மதிப்பு, பயன்படுத்திய இரண்டு ஒப்பீட்டு விண்மீன்கள், வரைபடத்தின் அடையாள எண். வால்வெள்ளிக்கு நாள் தசமத்தில் எழுதப்படும், 0.01 நாள் என்பது 14.4 நிமிடம். முறைக்குரிய எழுத்து (சிட்ஜ்விக் எஸ், மோரிஸ் எம், பாப்ரோவ்னிகாப் பி), விண்மீன் பட்டியல், கருவியின் விட்டமும் உருப்பெருக்கமும், கோமா, செறிவு, வால் ஆகியவை உடன் வரும்.

நோவா மதிப்பீடுகள் ஏ.ஏ.வி.எஸ்.ஓ.வுக்கும், வால்வெள்ளி மதிப்பீடுகள் கோப்ஸ் எனப்படும் வால்வெள்ளிப் பதிவுத் தளத்துக்கும் செல்ல வேண்டும். அனுப்பிய பின் பிறர் எண்களைப் பார்க்கலாம். உங்கள் எண் அவற்றிலிருந்து விலகி நின்றால் திருத்தாதீர்கள். தவறான விண்மீனைப் பார்த்ததோ நேரத்தை மாற்றி எழுதியதோ உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே நீக்குங்கள்.

11. தொடர்ந்து வரும் இரவுகள்

நோவா மங்கும்போது வெறுங்கண்ணிலிருந்து பைனாகுலருக்கும், அதிலிருந்து தொலைநோக்கிக்கும் மாற நேரும். மாறும் கட்டத்தில் சில இரவுகள் இரண்டு கருவிகளாலும் மதிப்பிட்டு, இரண்டையும் தனித்தனியே குறியுங்கள். கருவி மாறியதால் வந்த தாவலையும் நோவாவே மாறியதையும் பிரித்தறிய வேறு வழியில்லை. செந்நிறம் கூடியிருக்கும் காலத்தில் இந்தத் தாவல் பெரிதாக இருக்கும், ஏனெனில் இருளில் பழகிய கண் 656 நானோமீட்டர் ஒளியை ஏறக்குறைய உணர்வதே இல்லை. பெரிய கருவியோ அந்தச் சிவப்பைக் கண்ணுக்கு எட்டும் அளவுக்குக் கொண்டுவந்துவிடும்.

வால்வெள்ளிக்கு இடம் இரவுக்கு இரவு மாறுவதால் ஒப்பீட்டு விண்மீன்களும் மாறும். அடுத்த இரவுக்குரிய நிலையையும் விண்மீன்களையும் மறுநாள் பகலிலேயே குறித்துவைத்து, அதே கருவியையும் அதே முறையையும் கையாளுங்கள். செறிவு மாறிவிட்டதால் முறையை மாற்ற வேண்டியிருந்தால், ஓர் இரவு இரண்டு முறைகளாலும் மதிப்பிட்டு இரண்டு வரிகளாக அனுப்புங்கள்.